ஹெம்லாக் ஓடையின் முப்பத்தொரு அடைசல்கள்

நெஸ்கா
மார்ச் 8, 1999

அண்ணா,

மூன்று வாரமாகப் போன் செய்கிறேன். ஒவ்வொரு முறையும் பெர்னிஸ் அண்ணிதான் எடுக்கிறாள். "இங்கதான் இருக்காரு, ஆனா இல்லன்னு சொல்லச் சொல்றாரு" என்கிறாள். பின்னால் நீ இருமுவது எனக்குக் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

ஓடைக் கூட்டமைப்பின் பிப்ரவரிக் கூட்டத்தில் நடந்ததற்கு வருத்தப்படுகிறேன். மீன் துறையின் டென்னிங் அந்தப் படத்தைத் திரையில் போட்டதும் மன்றமே சிரிக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 1974-இல் அந்தப் பெரிய மர அடைசலின் மேல் ரம்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நீ நிற்கிற படம். ஆல்பத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஓடையில் குறுக்கே விழுந்து கிடக்கும் கட்டைகளை அள்ளிப்போடச் சொன்னதே அந்தக் காலத்து மீன் துறைதான், கரையோரம் முழுக்க அப்படித்தான் செய்தார்கள், யார் மேலும் தப்பில்லை என்று சொல்லத்தான் அவள் கேட்டாள். அதைத்தான் சொல்லவும் செய்தாள். நீ முழுதாகக் கேட்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓடைக்கரை நிலக்காரர்கள் பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் சம்மதக் கையெழுத்துப் போட்டாயிற்று. மரக் கம்பெனிக்காரர்கள்கூடப் போட்டுவிட்டார்கள். நீ ஒருவன்தான் பாக்கி. உன் நிலமோ நட்டநடுவில் ஒன்றரை மைல். உன் கேட் திறக்காவிட்டால் மேல்பக்கம் போக வழியில்லை. கட்டைகளைத் திரும்ப ஓடையில் போட ஹெலிகாப்டர் ஆகஸ்டில் நாலே நாள் வரும். செப்டம்பர் 15-க்குப் பிறகு மீன் வரும் பருவம், ஓடையில் யாரும் கை வைக்கக் கூடாது. இந்த வருஷம் தவறினால் ஹெலிகாப்டர் வேறு ஆற்றுக்குப் போய்விடும்.

போன குளிர்காலத்தில் ஹெம்லாக் ஓடைக்குத் திரும்பி வந்த கோஹோ சால்மன் எத்தனை தெரியுமா? ஒன்பது. நானே கரையில் நடந்து எண்ணினேன். ஒன்பதுதான்.

உன் தங்கை
ஐலா

பி.கு.: அண்ணி கேட்ட ஏலக்காய் கூட வைத்திருக்கிறேன்.


ஹெம்லாக் ஓடை
மார்ச் 21

ஐலா,

கடிதம் நல்லதுதான். காகிதத்தில் வந்துவிட்டால் பிறகு "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று யாரும் சொல்ல முடியாது. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

சிரித்தது பெரிய விஷயமில்லை. என்னைப் பார்த்து ஊர் சிரிப்பது இது முதல் தடவையா என்ன? வெண்டல் சிரிக்கவில்லை, அதுதான் விஷயம். திரையைப் பார்த்தான், திரும்பி என்னைப் பார்த்தான். கோஹோ பிடிக்கத் தடை வந்ததிலிருந்து அஞ்சு வருஷமாக அவன் படகு கட்டிக் கிடக்கிறது. இருபது வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் என் சவுனாவுக்கு, நீராவிக் குளியலுக்கு, வந்தவன். பிப்ரவரிக்குப் பிறகு வரவில்லை. நான் ஒண்டியாகப் போய் உட்கார்ந்து வெந்துகொண்டிருக்கிறேன்.

முப்பத்தொரு அடைசலை அந்த ஓடையிலிருந்து எடுத்தேன். மீன் மேலே ஏற வழி விடுகிறோம் என்றார்கள். நன்றாக விட்டோம் வழி. தடுத்து நிறுத்தக் கட்டை இல்லாமல், அடுத்த வெள்ளம் சரளைக்கல்லை எல்லாம் வழித்துக் கடலில் சேர்த்துவிட்டது. முட்டையிட மீனுக்குச் சரளையும் இல்லை, குஞ்சு ஒதுங்க ஆழமான கசமும் இல்லை. மொட்டைப் பாறைதான் மிச்சம். டென்னிங் படம் போட்டுத்தான் இது எனக்குத் தெரிய வேண்டுமா? தினம் காலையில் அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டுதான் மாட்டை ஓட்டிப் போகிறேன்.

கையெழுத்துத் தாளோடு அவள் அனுப்பிய வரைபடத்தையும் பார்த்தேன். கட்டை போட ஏழாம் புள்ளி வைத்திருக்கும் இடத்தில் எந்தக் காலத்திலும் ஒரு கட்டை தங்கியதில்லை. பாலத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் புள்ளி வைத்திருக்கிறாள்.

இன்னொன்று. திரையில் போட்ட படத்தில் நான் தனியாக நிற்கிற மாதிரி இருந்தது. எனக்கு ஞாபகம் அப்படி இல்லை.

கேட் பூட்டித்தான் இருக்கும்.

ரைனோ

பி.கு.: ஏலக்காய் வந்து சேர்ந்தது. "ஐலா வந்தாத்தான் பன் சுடுவேன்" என்கிறாள் உன் அண்ணி. வீட்டிலேயே எனக்கு எதிராக ஒரு கட்சி.


நெஸ்கா
ஏப்ரல் 19

அண்ணா,

ஏழாம் புள்ளி தப்பு என்று டென்னிங்கிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அவருக்கு எப்படித் தெரியும்? கேளுங்க, ப்ளீஸ் கேளுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வேலைக்கு வந்து பதினெட்டு வருஷமான பெண்மணி, அவள் ஒன்றும் உனக்கு எதிரி இல்லை. எங்கே எந்தக் கட்டை கிடந்தது என்று யாரிடமும் பதிவு இல்லையாம். நீ எதை வைத்துச் சொல்கிறாய்?

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் காரை எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலைப் பாலம் வரை போகிறேன், திரும்பி வருகிறேன். என்ன பார்க்கப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. கோஹோவுக்கு மூன்று வருஷக் கணக்கு. இந்தக் குளிர்காலத்தில் வருவது மூன்று வருஷத்துக்கு முன் வந்ததன் பிள்ளைகள். ஒரு வருஷத்து வரிசை அறுந்தால் அது அறுந்ததுதான், பக்கத்து வருஷத்து மீன் வந்து ஒட்டுப்போடாது. இதை ஐந்து வருஷமாகப் பள்ளிக்கூடம், தேவாலயம், மரக் கம்பெனி, பழங்குடி மன்றம் என்று வாசல் வாசலாகச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை பேரை ஒரே மேஜையில் உட்கார வைத்தேன். முன்பெல்லாம் ஒருவரை ஒருவர் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போனவர்கள். இப்போது ஒரே கேத்தலில் காப்பி ஊற்றிக் குடிக்கிறார்கள். அதெல்லாம் என் சொந்த அண்ணன் கேட்டில் வந்து நிற்கிறது.

கூட்டத்தில் கேட்கிறார்கள்: "உங்க அண்ணனையே சம்மதிக்க வைக்க முடியலையா?" நான் சிரித்து மழுப்புகிறேன்.

வெண்டலைப் பற்றி நீ எழுதியது வருத்தமாக இருந்தது. அவனிடம் நான் பேசிப் பார்க்கிறேன்.

ஐலா


ஹெம்லாக் ஓடை
மே 2

ஐலா,

நீ வெண்டலிடம் பேச வேண்டாம். என்ன பேசப்போகிறாய்? "எங்க அண்ணன் பாவம், தெரியாம செஞ்சிட்டான்" என்றா?

எப்படித் தெரியும் என்று கேட்டாயே. அப்போது ஒரு நோட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு அடைசலும் பாலத்திலிருந்து எத்தனை தப்படி, என்ன மரம், வேரோடு இருந்ததா, எந்தக் கரையில் தலை வைத்திருந்தது, எல்லாம் குறித்திருக்கிறேன். மரம் வெட்டுகிறவன் எடுத்ததைக் குறித்து வைப்பான், அது எங்கள் பழக்கம். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தது இல்லை.

போன கடிதத்தில் படத்தைப் பற்றி நான் எழுதியதற்கு நீ பதில் எழுதவில்லை. அந்தப் படத்தில் மீன் துறைக்காரன் இரண்டு பிரதி கொடுத்தான். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. என்னுடையது ஃப்ரீசர் மேல், மாட்டு மருந்துக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு நிற்கிறது. முழுப் படம். இதுவரை யாரிடமும் காட்டவில்லை, காட்டவும் மாட்டேன். அது என் வேலை இல்லை.

ரைனோ


நெஸ்கா
ஜூன் 6

அண்ணா,

நேற்று உன் கேட் வரை வந்தேன். அண்ணி ஜன்னலில் கை காட்டினாள். நீ டிராக்டருக்கு அடியில் கால் மட்டும் வெளியே தெரியப் படுத்திருந்தாய். அந்த டிராக்டருக்கு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஹாரன் அடிக்கலாம் என்று கை போயிற்று. அடிக்காமல் திரும்பிவிட்டேன்.

நான்தான் வெட்டினேன். கத்தரிக்கோலால். டென்னிங் கேட்ட அன்று ஆல்பத்தைத் திறந்தேன். படத்தின் இடது ஓரத்தில் வெடிக்கம்பிச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு, தலையில் துணி கட்டி, வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வெட்டினேன், அந்தத் துண்டை அடுப்பில் போட்டேன்.

நீ சொல்லாமல் விட்டதையும் நானே எழுதிவிடுகிறேன். மீன் துறைக்கு முதலில் எழுதியவள் நான். நான் அப்போது பாடம் நடத்திய நாலாம் வகுப்புப் பிள்ளைகளை ஓடைக்குக் கூட்டிப்போனேன். மீன் கட்டையில் முட்டி முட்டித் துள்ளுவதைப் பார்த்து அழுதார்கள். நானும் அழுதேன். வழியைத் திறந்துவிடுங்கள் என்று பள்ளிக்கூடத் தாளில் எழுதினேன். ஆள் இல்லை என்று பதில் வந்தது. என் அண்ணன் இருக்கிறான், ரம்பம் வைத்திருக்கிறான் என்று திரும்ப எழுதினேன். நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய். "அது அங்கயே கெடந்துட்டுப் போகுது. மீன் எப்பவும் போல ஏறும்" என்றாய். நான் விடவில்லை. மூன்று நாள் உன் சமையலறையில் உட்கார்ந்து உன்னை நச்சரித்தேன்.

ஆனால் இப்போது இதை எப்படிச் சொல்வேன்? போன வாரம்கூட வெண்டல் வந்தான். "உன் கூட்டமைப்பு மேல எனக்கு நம்பிக்கையில்ல. உன் மேல இருக்கு, அதனாலதான் வர்றேன்" என்றான். மீனவர்கள் எட்டுப் பேர் அவன் பின்னால் வருகிறார்கள். நான் வாயைத் திறந்தால் அவர்கள் போய்விடுவார்கள். அவர்கள் போனால் மற்றவர்களும் போவார்கள். ஓடைக்காகத்தான் மறைத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் அதை நம்பவும் செய்கிறேன்.

இன்னும் பத்து வாரம்தான் இருக்கிறது.

ஐலா


ஹெம்லாக் ஓடை
ஜூன் 20

ஐலா,

எழுதியதற்குச் சந்தோஷம். ஆனால் ஒன்றை விட்டுவிட்டாய். காப்பி டப்பா.

பதினாலாவது அடைசல், படத்தில் இருக்கிற அதே பெரியது. வெடித்துப் புகை அடங்கியதும் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக மிதந்தது. முதலில் இலை என்று நினைத்தேன். விரல் நீளம்கூட இல்லாத குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் அந்த அடைசலுக்கு அடியில்தான் இருந்திருக்கின்றன. நீ இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் காப்பி டப்பாவில் அள்ளினாய். வீட்டுக்குக் கொண்டுவந்து துணி துவைக்கிற தொட்டியில் விட்டாய். சாயங்காலத்துக்குள் எல்லாம் போய்விட்டன. "யார்கிட்டயும் சொல்லிடாத, ரைனோ" என்றாய். நான் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் நாம் இரண்டு பேரும் போய்ப் பதினைந்தாவது அடைசலுக்கு வெடி வைத்தோம்.

அதுதான் என்னை அரிக்கிறது. முதல் பதினாலும் தெரியாமல் செய்தது. மிச்சம் பதினேழும் அப்படி இல்லை. நமக்கு ஏதோ தெரிந்திருந்தது. துறைக்குத் தெரியாதா, அவர்கள் படித்தவர்கள் என்று விட்டுவிட்டோம்.

நான் உன்னைப் பழிவாங்கக் கேட்டைப் பூட்டவில்லை. வெண்டல் படகைக் கட்டிப்போட்டது நான் ஒருவன்தான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்கும்போது, அதே ஊர் என் நிலத்துக்குள் வந்து என் தப்பைச் சரிசெய்துகொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது. முதுகு வளையவில்லை. தப்பு நம்முடையது என்றால் வரட்டும், எல்லாரும் வரட்டும், நானே காப்பி போடுகிறேன்.

நீ பயப்படுவது புரிகிறது. எனக்கும்தான் பயம். அவன் இல்லாத சனிக்கிழமை ரொம்ப நீளமாக இருக்கிறது.

ரைனோ


நெஸ்கா
ஜூலை 15

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டம், நாற்பது பேர். வேறு எதையும் எடுப்பதற்கு முன்னால் எழுந்து நின்றேன். பள்ளிக்கூடத் தாளில் எழுதியது, உன் சமையலறை, கத்தரிக்கோல், காப்பி டப்பா, மறுநாள் பதினைந்தாவது, எல்லாவற்றையும். வெட்டிய துண்டு அடுப்பில் போய்விட்டதே, எதைக் காட்டி நம்பவைப்பேன் என்று தடுமாறியபோது கடைசி வரிசையிலிருந்து பெர்னிஸ் அண்ணி எழுந்து வந்தாள். கைப்பையிலிருந்து சட்டம் போட்ட படத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். "தூசி இருக்கு, துடைச்சுக்கங்க" என்றாள். திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டாள். நீ கொடுத்தனுப்பினாயா, அவளாகவே கொண்டுவந்தாளா என்று நான் கேட்கப்போவதில்லை.

படம் கை மாறி மாறிப் போயிற்று. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. வெண்டல் ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தான்.

"இருபத்தஞ்சு வருஷமா தெரிஞ்சே மறைச்சு வச்சிருந்தியா, ஐலா?"

"ஆமா."

"படகு கட்டிப்போட்ட அன்னிக்கு என் வீட்டுக்கு வந்து என் பொண்டாட்டி கையப் புடிச்சிட்டு ஆறுதல் சொன்னியே. அப்பவும் தெரியும்?"

"தெரியும்."

படத்தை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனான். மீனவர்கள் ஐந்து பேர் கூடப் போனார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் உட்கார்ந்திருந்தார்கள் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

தலைவர் பொறுப்பை விடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று யாராவது சொல்வார்கள் என்று உள்ளுக்குள் நினைத்தேன் போலிருக்கிறது. நாலு நிமிஷத்தில் ஏற்றுக்கொண்டார்கள். வழிமொழிந்தவன் வாயில் டோநட். இனி டென்னிங் பார்த்துக்கொள்வாள். கேத்தலைக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கேட்டைப் பற்றி நான் இனிமேல் கேட்க மாட்டேன். கேட்கிற இடத்தில் இப்போது நான் இல்லை.

ஐலா


ஹெம்லாக் ஓடை
ஜூலை 25

ஐலா,

புதன்கிழமை காலையில் ஃப்ரீசர் மேல் தூசிக்கு நடுவில் சதுரமாக ஒரு சுத்தமான இடம் இருந்தது. நான் யாரையும் அனுப்பவில்லை. உன் அண்ணியிடம் கேட்டதற்கு, "ஃப்ரீசரத் துடைச்சேன்" என்கிறாள்.

நேற்று சனிக்கிழமை. நாலு மணிக்குச் சவுனா கதவு திறந்தது. வெண்டல். மேல்பலகையில் ஏறி உட்கார்ந்தான். முக்கால் மணி நேரம் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்குத் தலை சுற்றியது, ஆனாலும் முதலில் எழுந்து போகிறவன் நானாக இருக்கக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அவனே வாயைத் திறந்தான்.

"நீ ஒருத்தன்தான் முட்டாள்னு நெனைச்சு அஞ்சு மாசமா வீட்டு ஷவர்ல குளிச்சிட்டிருந்தேன். குடும்பத்தோட முட்டாளுங்கன்னு இப்பத்தான தெரியுது. கல்லுல தண்ணி ஊத்து."

ஊற்றினேன். உன்னைப் பற்றி அவன் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்கு நாளாகும், உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

பூட்டுச் சாவியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. காலையில் பூட்டையே ரம்பத்தால் அறுத்துப்போட்டேன். கையெழுத்துப் போட்ட தாள் உள்ளே இருக்கிறது. நோட்டும் இருக்கிறது. டென்னிங்கிடம் கொடு. அவள் வைத்த இருபது புள்ளியில் ஒன்பது தேறும். மிச்சத்தை நோட்டில் இருக்கிறபடி மாற்றச் சொல். பதினாலாவதுக்கு ஹெலிகாப்டர் கட்டை வேண்டாம். என் மேட்டில் போன வருஷக் காற்றில் வேரோடு சாய்ந்த ஸ்ப்ரூஸ் மரம் ஒன்று கிடக்கிறது. அதை அப்படியே தூக்கி வைக்கட்டும்.

ஆகஸ்ட் 17, காலை ஏழு மணி. நீ தலைவர் இல்லை என்றால் என்ன, கை இருக்கிறதல்லவா? ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து சேர்.

ரைனோ


நெஸ்கா
நவம்பர் 27

அண்ணா,

மூன்று நாளாக இந்த ஒரிகன் மழை நிற்கவில்லை. முகத்துவாரத்தில் ஆறு காப்பி நிறத்தில் ஓடுகிறது, முழு மரங்கள் மிதந்து போகின்றன. ஒவ்வொரு மரம் போகும்போதும் அது நம்முடையதா என்று மழையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரி குடை கொண்டுவந்து கொடுத்தாள்.

உன் போன் லைன் அறுந்து கிடக்கிறது. சாலையும் மூடிவிட்டார்கள். டென்னிங்கைக் கேட்கலாம், ஆனால் அவள் ஆயிரம் பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்த வரிசையில் நான் எங்கே நிற்பது? கடைத்தெருவில் வெண்டலைப் பார்த்தேன். தலையை அசைத்தான். நின்று பேசவில்லை. ஆனால் அசைத்தான்.

பதினாலாவது நிற்கிறதா? அதை மட்டும் எழுது. போயிருந்தாலும் எழுது.

ஐலா


ஹெம்லாக் ஓடை
டிசம்பர் 12

ஐலா,

தபால் வண்டி நேற்றுத்தான் வந்தது. உன் கடிதம் ஈரத்தில் ஊறிப்போய் வந்தது, அடுப்பருகில் காயவைத்துப் படித்தேன்.

கணக்கு இது. போட்டது இருபது. நாலு போயிற்று. மூன்று டென்னிங்கின் புள்ளி, ஒன்று என் நோட்டு. அந்த ஒன்றைப் பற்றி அவள் சந்தோஷமாக இருக்கிறாள், இருக்கட்டும். போனதில் ஒன்று என் கீழ்வேலியை நாற்பது அடி சுருட்டிக்கொண்டு போயிருக்கிறது. வேலிக்கு நீதான் வந்து கம்பி பிடிக்க வேண்டும்.

பதினாலாவது நிற்கிறது. வேர்ப்பக்கத்தை நீ சொன்னபடி வலது கரைக்குத் திருப்பி வைத்தது சரிதான், நான் அன்று போட்ட சத்தம் தப்பு. அதன் பின்னால் கணுக்கால் ஆழத்துக்குச் சரளை வந்து நின்றிருக்கிறது. இருபத்தைந்து வருஷமாக மொட்டைப் பாறையாக இருந்த இடம். கையை விட்டுக் கிளறிப் பார்த்தேன், நிஜமான கல், ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு.

வியாழக்கிழமை காலையில் அங்கே ஒரு பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலால் கல்லைக் கிளறிக்கொண்டிருந்தது. பின்னால் மூக்கு வளைந்த ஆண் ஒன்று, செக்கச்செவேல் என்று. மேலே இன்னொரு ஜோடி. மூன்று மணி நேரம் ஈரப் புல்லில் உட்கார்ந்திருந்தேன். "காப்பி ஐஸாப் போச்சு, மனுஷனும் ஐஸாப் போகப்போறான்" என்று பெர்னிஸ் வந்து கத்தினாள். பிறகு அவளும் உட்கார்ந்துவிட்டாள். மொத்தம் நாலு மீன்தான். ஊரைக் கூட்டிச் சொல்லும் எண்ணிக்கை இல்லை. டென்னிங்குக்கு நாளைக்குச் சொல்வேன். முதலில் உனக்கு எழுதுகிறேன். அழுகை வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், காகிதத்தில் இருக்கட்டும்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். ஹெலிகாப்டர் வந்த அன்று அக்கரையிலிருந்து எடுத்தது. பதினாலாவது கட்டையின் மேல் நான் நிற்கிறேன். இடது ஓரத்தில் நீ முழங்கால்வரை சேறோடு, வாயைப் பிளந்து ஹெலிகாப்டரைத் திட்டிக்கொண்டிருக்கிறாய். படத்தை எடுத்தது வெண்டல். போன சனிக்கிழமைதான் கொண்டுவந்து கொடுத்தான். "உன் தங்கச்சிக்கும் ஒரு பிரதி போட்டிருக்கேன், அனுப்பிடு" என்றான்.

கத்தரிக்கோலை இழுப்பறையிலேயே வைத்திரு.

ரைனோ